நாற்பத்தாறு மணி நேரம்

அட்டையில் என் பெயர் டோ கின் மே.
வீட்டில் தைலம்மை.
குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

இடது கையில், முழங்கைக்கு நாலு விரல் மேலே
நுழைந்து
இதயத்தின் வாசல்வரை போகிறதாம்.
சாயாமா தாளில் வரைந்து காட்டினாள்.
தாலி கட்டி இருபத்திரண்டு வருஷமான மனிதர்
அத்தனை தூரம் வந்திருப்பாரா என்று
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

வெளிமுனையில் ஒரு புட்டி.
புட்டிக்குள் பலூன், பலூனுக்குள் மருந்து.
அது சுருங்கச் சுருங்க
என் வாயில் ஆணி ருசி.

பெஞ்சில் நாங்கள் அதைப் பாப்பா என்போம்.
"பாப்பா தூங்கிச்சா?"
"எங்கே, ராத்திரி பூரா விலாவிலேயே உதைச்சுது."
டாக்சி ஓட்டும் காசிம் பாய்
கழுத்தில் தொங்கவிட்டபடியே சவாரி போகிறார்.
வாடகைக்குப் பேரம் பேசாத ஒரே ஆள் இதுதான் என்கிறார்.
இன்செயினிலிருந்து வரும் நோ எஸ்தர்
மகளின் பள்ளிக்கூடக் காலுறையில் நுனியை வெட்டி
என் கையில் மாட்டிவிட்டாள்.
குழாய் உள்ளே அடங்கிக்கொண்டது.
கணுக்கால் இருந்த இடத்தில் ஒரு மைக்கறை,
துவைத்தும் போகாதது.
அதை வெளியே தெரியும்படி திருப்பிக்கொண்டேன்.

குளியல்தான் பெரிய வேலை.
மொஹிங்கா கட்டித் தந்த பையைக் கைமேல் கவிழ்த்து
ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டு
பஸ்ஸை நிறுத்துகிறவள்போல் தூக்கிக்கொண்டு நிற்பேன்.
மறுகையால் மொண்டு ஊற்றினால்
பாதி முதுகு காய்ந்தே கிடக்கும்.
அங்கேதான் அரிக்கும்.

படுக்கையில் பக்கம் மாற்றிக்கொண்டோம்.
அவர் இப்போது சுவரோரம்.
அவர் உடம்பு அழுத்திவைத்த பள்ளத்தில் நான்.
மாசாமாசம் அது பெரிதாகிக்கொண்டு வருகிறது.

கரண்ட் போனால் சூடு,
சூட்டில் மருந்து வேகமாக இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள்.
பேயின்னாவுங் மண்டியில் உளுந்து மூட்டை எண்ணுகிறவர்
போன் வெளிச்சத்தில் புட்டியின் கோடுகளை எண்ணுவார்.
எண்ணி முடித்து விசிறுவார்,
என்னை இல்லை,
புட்டியை.

இந்தத் தடவை கழற்றும் நாள்
திஞ்சானில் விழுந்தது.
நமக்கும் சித்திரை பிறக்கிற நேரம்.
தாக்கேத்தா முழுக்க வாளி, குழாய், பாட்டு.
பாலத்தடியில் காசிம் பாய் வண்டி நிற்கும்,
அதுவரை சைக்கா.
மழைக்கோட்டுக்குள் என்னைப் பொட்டலம் கட்டி
அவர் முன்னால் ஓடினார்
"லூநா! லூநா!" என்று கத்திக்கொண்டு.
நோயாளி, நோயாளி.
அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.
பத்தடியில் அவர் தொப்பலாக நனைந்துபோனார்.

தெருமுனையில் ஒரு சிறுமி, கையில் வெள்ளிக் கிண்ணம்.
ஓடி வந்தவள் நின்றாள்.
கையில் காலுறை போட்டவளைப் பார்த்து
முதலில் சிரித்தாள்.
பிறகு புட்டியைப் பார்த்தாள்.
"எங்கே ஊத்தட்டும்?"

கேட்டு ஊற்றுவதுதான் பழைய முறை என்பார்கள்.
என்னை யாரும் கேட்டதில்லை,
ஊசி போடுகிறவர்கள்கூட.

கோட்டை விலக்கிக் காலை நீட்டினேன்.
நிதானமாக ஊற்றினாள்,
ஒவ்வொரு விரலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக.

ஆஸ்பத்திரித் தரையில் என் ஈரத் தடத்தைப் பார்த்து
சாயாமா பதறிவிட்டாள்.
காலுறையை உருவினாள், பிளாஸ்திரியின் ஓரங்களை
ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.
பலூன் வற்றி நடுக்குச்சியோடு ஒட்டிக் கிடந்தது.
"எங்கே நனைஞ்சீங்க?"
"கால் மட்டும்."