ஒற்று மிகும் இடம்

முன்பெல்லாம் எளிது.
"அன்பான வாடிக்கயாளரே" என்று வரும்.
ஐகாரம் தொலைந்த இடத்தில்
திருடனின் கால் தெரியும்.
பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லியிருக்கிறேன்:
பிழையைப் பாருங்கள், பிழைத்துக்கொள்வீர்கள்.
கைதட்டினார்கள். சமோசா தந்தார்கள்.

இந்தக் கடிதத்தில் பிழை இல்லை.
"புதிய வங்கிக் கணக்கிற்குத் தொகையைச் செலுத்தவும்."
க், த், ச்,
மூன்றும் மிக வேண்டிய இடத்தில் மிகுந்து
சீருடை போட்டு வரிசையில் நிற்கின்றன.
எங்கள் அலுவலகச் சுற்றறிக்கையில்கூட
இவ்வளவு சுத்தம் கிடையாது.
எழுதியது எந்திரம்.

அம்பத்தூர் எஸ்டேட், வால்வு கம்பெனி,
வெள்ளிக்கிழமை மாலை நாலு ஐம்பது.
எப்சிபா சந்தேகப்பட்டாள்
(இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்),
முதலாளியைக் கேட்கப் போனை எடுத்தாள்.
அதற்குள் முதலாளியே அழைத்தார்.
ரங்கராஜுலுவின் குரல்.
வாக்கியத்தின் நடுவே வரும் அந்த இருமல்.
"ஏம்மா" என்பதில் இழுபடும் ஏ.
பின்னால் லேத் ஓடும் சத்தம்கூட.

ரங்கராஜுலு அந்நேரம் அண்ணா நகரில்
பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.
வாய் அகலத் திறந்திருந்தது.
ஒரு சொல் பேச வழியில்லை.

முப்பத்தெட்டு லட்சம்.
திங்கள் காலை பத்து மணிக்குள்
ஏழு கணக்குகளில் உடைந்து
எட்டாவதில் ஆவியாகிவிட்டது.

கூட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
யார் அமுக்கியது?
எப்சிபா ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாள்,
துப்பட்டா நுனியை விரலில் சுற்றி, அவிழ்த்து, சுற்றி.
அவள் போட்ட கணக்கில் இதுவரை ஒரு ரூபாய் உதைத்ததில்லை
என்று யாரோ மெல்லச் சொன்னது
ஏசி சத்தத்தில் போய்விட்டது.

எனக்கு வேறு கேள்வி.
பில் எண், வால்வு அளவு, நிலுவைத் தொகை,
பைசா சுத்தமாக அந்தக் கடிதத்துக்கு
எப்படித் தெரியும்?

இரவு, தரமணி. லாக் பதிவுகளைத் திறந்தேன்.
சப்ளையர்கள் நுழையும் செயலி.
முகவரிப் பட்டையில் 1047. ஒருவருடைய பில்.
ஏழை அழித்து எட்டு போட்டேன்.
அடுத்தவர் பில்.
ஒன்பது.
அதற்கும் அடுத்தவர்.
பாஸ்வேர்டு தெருவாசலுக்கு மட்டும்;
உள்ளே எந்த அறைக்கும் கதவு வைக்கவில்லை.
பதினோரு நாள், நிமிடத்துக்கு ஒரு பில்,
மணி அடிக்காத வேகத்தில்
யாரோ நிதானமாக வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நிரலைத் தோண்டினால் ஒருவரிக் குறிப்பு:
யாருக்கு எதைக் காட்டலாம் என்ற சோதனை,
அடுத்த வெளியீட்டில் சேர்க்க.
ஆறு வருடப் பழசு.
கீழே இரண்டு எழுத்து.

அந்த இரண்டு எழுத்தைப் போட்டுத்தான்
இன்றும் வங்கியில் கையெழுத்திடுகிறேன்.
அப்போது கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனி.
மழை வாரம். சுரங்கப்பாதையில் தண்ணீர்.
கெடு நாளைக்கு என்றார்கள்.
அடுத்த வெளியீடு என்று ஒன்று வந்ததா,
நினைவில்லை.

அறிக்கையில் கடைசிக் கட்டம்: மூல காரணம்.
கர்சர் துடிக்குமுன்னே மென்பொருள்
சாம்பல் நிறத்தில் எடுத்துக் கொடுக்கிறது:
"பணியாளரின் கவனக்குறைவு."
ஒரு விசையைத் தட்டினால் கறுப்பாகிவிடும்.
பிழையே இல்லாத தொடர்.
க் கூட இருக்க வேண்டிய இடத்தில்.

எப்சிபாவின் எண் என்னிடம் இருக்கிறது.
மணி மூன்று.
இப்போது அழைத்து உண்மையைச் சொன்னால்,
என் குரல்தான் என்று
அவள் எதை வைத்து நம்புவாள்?