மே மாதத்தில் வாங்கியது

கெமி நகரத்தில், மே மாதத்தில்
தொலைநோக்கி வாங்குகிறவள் முட்டாள்.
அந்த முட்டாள் நான்.
பாதி விலைக்குக் கிடைத்தது. ஏன் பாதி என்று
பெட்டியைப் பிரித்த இரவு புரிந்தது:
பதினொன்றரை மணிக்கும் வெயில்
சமையலறை மேசைவரை வந்து
விளக்கக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தது.
ஆகஸ்ட் கடைசிவரை இங்கே இருட்டு கிடையாது.

என்ன செய்ய? சீர்செய்தேன்.
துணைக்குழாயை எதன்மேலாவது குறிவைத்துப் பழக்க வேண்டும்,
தூரத்தில், அசையாத ஒன்றாக.
மூடிப்போன காகித ஆலையின் புகைபோக்கி கிடைத்தது.
அதன் உச்சியில் சிவப்பு விளக்கு மட்டும்
இன்னும் வேலைக்குப் போகிறது.
பெரிய குழாயின் நடுவில் அதை நிறுத்திவைத்து,
சின்னக் குழாயின் திருகுகளைத்
திருகித் திருகி
இரண்டுக்கும் ஒரே விளக்கைக் காட்டினேன்.
ஜூன் முழுக்க ஒரு கடற்காகக் குடும்பம்
புகைபோக்கி விளிம்பில்
தலைகீழாகக் குஞ்சு வளர்த்தது.
ஒன்று பறந்தது.
ஒன்று விழுந்தது;
என் கண்ணுக்கு அது மேலே போனது.

தலைகீழ் எனக்குப் புதிதல்ல.
இருபத்தொரு வருடம் பன்னிரண்டு மீட்டர் பேருந்தைக்
கண்ணாடி பார்த்தே பின்னால் எடுத்தவள்.
கை இடப்பக்கம் போனால் படம் வலப்பக்கம் ஓடும்.
மனசுக்குச் சொல்லாமல் கைக்குச் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் முதல் நட்சத்திரம்.
ஆசை யாரை விட்டது,
ஆகப் பெரிதாகக் காட்டும் கண்வில்லையைத்தான்
முதலில் செருகினேன்.
கஞ்சியில் விழுந்த பொத்தான்போல் ஏதோ ஒன்று
மிதந்து விலகிப் போனது.
குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கு என்று
குறிப்பில் போட்டிருந்ததாம்.
வெயில் படித்த பக்கம் அது. நான் படிக்கவில்லை.

பனி விழுந்தபின் ஒழுங்கு பிடிபட்டது.
வேலை முடிந்து வந்ததும் முதலில் குழாய் வெளியே போகும்,
பிறகுதான் என் பூட்ஸ் கழலும்.
உள்ளே தங்கிய வீட்டுச்சூடு தணிய ஒரு மணி நேரம்;
அதுவரை எந்த நட்சத்திரமும் கொதிக்கும்.
பேருந்துச் சக்கரத்தை நேராக்குவதுபோல
மாதம் ஒருமுறை இரண்டு கண்ணாடிகளையும் நேராக்குவேன்.
கண்வில்லைகள் சட்டைப்பையில், உடம்புச்சூட்டில்.
குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்:
மைனஸ் பத்தொன்பதில் ஒரு பெருமூச்சு போதும்,
சனிக்கோளே மறைந்துவிடும்.
பார்த்து முடிந்தால் மூடி போட்டு
விடியும்வரை குளிர்ந்த முன்னறையில் வைக்க வேண்டும்.
அவசரமாகக் கூடத்துக்குள் கொண்டுவந்த அன்று
கண்ணாடி வியர்த்துக் கொட்டியது.
தூசி இருக்கிறது. இருக்கட்டும்.
துடைத்தால் தூசி போகும், கீறல் போகாது.

ஒரே தொல்லை, பக்கத்து வீட்டு ஓர்வோவின் முற்றத்து விளக்கு.
ஒரு வாளி வெளிச்சத்தை
அப்படியே என் பக்கம் கவிழ்க்கும்.
ஆனால் எழுபத்தாறு வயது, பனியில் வழுக்கி
ஒருமுறை இடுப்பு முறிந்தவர்.
அணையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரியில் அவரே வந்தார்,
பூட்ஸுக்கு அடியில் முள் மாட்டி, வேலியைச் சுற்றி.
"என்ன பார்க்கிறாய், என் சமையலறையையா?"
சனியை, என்றேன்.
குனிந்தார்.
நெடுநேரம் குனிந்தே இருந்தார்.
பூமி நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால்
நான் இருமுறை குழாயை நகர்த்த வேண்டியிருந்தது.
நிமிர்ந்து, "சின்னது" என்றார்.
கொஞ்சம் கழித்து, "என்ன விலை?"
சொன்னேன்.
தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கதவு சாத்தும் சத்தம்.
அந்த விளக்கு அணைந்தது.

மறுநாள் டிப்போவில் கேட்டு வாங்கிய மணலில்
இரண்டு வாளி அவர் படிகளில் தூவினேன்.
மூன்றாவதை வேலிவரை,
வேலியிலிருந்து
குழாய் நிற்கும் இடம்வரை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் மேகம்.