நீளவாக்கில்

ஏலக்காய் ஏலச்சீட்டின் பின்பக்கத்தில்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
நேராக வரவில்லை.
மலை மட்டும் நேராகவா இருக்கு, விடு
என்றாள் ஜெசிந்தா.

தேவாரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
அவளுடைய ஜெராக்ஸ் கடை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்
தரையில் உட்கார்ந்து நாளைக்குக் கணக்குப் போடுகிறோம்.
நாலரைக்கு ஜீப். ஐந்தே காலுக்கு அடிவாரம்.
பாறை சுடுவதற்குள் நரிமூக்கு ஏறிவிட வேண்டும்.
அங்கிருந்து வரப்பு போல ஒடுங்கும் முகடு.
ஏழு கிலோமீட்டர் என்கிறது போனில் உள்ள படம்.
அது பருந்துக்கு என்கிறான்
ஜீப் ஓட்டும் மாசாணம்.

தண்ணீரில்தான் சண்டை வந்தது.
ஆளுக்கு நாலு லிட்டர் என்றேன்.
நாலு லிட்டர் நாலு கிலோ,
யார் சுமப்பது, உன் முழங்காலா?
மேலே ஊற்று கிடையாது ஜெசி.
கிழக்கே விழுந்த மழை வைகைக்குப் போய்விடும்,
மேற்கே விழுந்தது பெரியாற்றுக்கு.
நடுவில் பாறை வெறும் வாயோடு கிடக்கும்.
அந்தப் பக்கம் போனதையும்தான்
மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இழுத்துட்டாங்களே
என்று மாசாணம் சிரித்தான்.
மூன்றரை லிட்டரில் பேரம் படிந்தது.

பதினோரு வருடமாக
திங்கள் முதல் சனி வரை இந்த மலையைத் தாண்டுகிறேன்.
அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் பேரேடு எழுதும் வேலை.
ஒரு ஜீப்பில் பதினாறு பேர், மடியில் தூக்குவாளி.
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
பேச்சியம்மாள் தலையை வெளியே நீட்டுவாள்.
மேட்டில் போன் ஒருமுறை அதிரும்,
மலையாளத்தில் யாரோ வரவேற்பார்கள்.
சாயந்திரம் தமிழில்.
முகட்டைக் கடக்க ஒரு நிமிஷம் பிடிக்காது.

எல்லாம் குறுக்கேதான் போகிறது,
அரிசி, மிளகு, அடிமாடு,
போன தையில் என் நாத்தனார் மகளுக்கு வந்த சம்பந்தம்.
அதன்மேல் நீளவாக்கில் நடந்தவர் யாரென்று கேட்டால்
மாசாணம் யோசித்துவிட்டுச் சொல்கிறான்:
வரையாடு. அப்புறம் சர்வே எடுக்க வந்தவங்க.

அதனால் எழுது.
திரும்பும் நேரம் பன்னிரண்டரை.
எங்கே நின்றாலும்,
கடைசிப் பாறை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும்.
மேற்கிலிருந்து மஞ்சு ஏறினால்
மணி பார்க்காமல் உட்கார்ந்துவிட வேண்டும்,
காலடி தெரியும்வரை எழுந்திருக்கக் கூடாது.
புல் காய்ந்திருக்கிறது, அடுப்பு கிடையாது,
மாசாணத்தின் பீடி ஜீப்பிலேயே இருக்கும்.
(அவன் இதற்குத் தலையாட்டவில்லை.)
யாருக்கு முதலில் முடியவில்லையோ
அவர் சொன்னால் மூவரும் திரும்புவது.

அது நீயாத்தான் இருக்கும் என்றாள்.
தெரியும் என்றேன்.

பிறகு சீட்டை மெஷினில் வைத்து
மூன்று பிரதி எடுத்தாள்:
வனத்துறை அலுவலகத்துக்கு ஒன்று, அனுமதிக் கடிதத்தோடு,
மாசாணத்தின் மனைவிக்கு ஒன்று,
கடைக் கல்லாவில் ஒன்று.
ராத்திரிக்குள் நாங்கள் இறங்கவில்லை என்றால்
அதைப் பார்த்துத்தான் தேட வேண்டும்.

பென்சில் கோடு விழவே இல்லை.
முன்பக்கத்து எடையும் விலையும்தான்
தலைகீழாக ஊடுருவித் தெரிந்தன.
முப்பத்திரண்டு கிலோ, பச்சை, எட்டு மில்லி.

பேனாவால் மூன்றிலும் மறுபடி வரைந்தேன்.
ஒன்றில் நரிமூக்கு கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
ஒன்றில் முகடு கேரளாப் பக்கம் சாய்ந்தது.
மூன்றாவதில் கை வலித்து
ஒரு கிலோமீட்டரைச் சுருக்கிவிட்டேன்.

எதை நம்பித் தேடுவாங்க என்றாள் ஜெசிந்தா.

எலுமிச்சை ஆறு, உப்புப் பொட்டலம்,
முழங்கால் உறை, விசில்.
பையைத் தூக்கிப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல்
என் பாட்டில் ஒன்றை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

ஷட்டருக்குக் கீழே ஒரு முழம் இருட்டு.
அதன் வழியே குளிர்காற்று வந்து
கல்லாவில் வைத்த தாளை அசைத்தது.
மேலே ஸ்டேப்ளரை வைத்துவிட்டு
மூன்று நாற்பதுக்கு அலாரம் வைத்தேன்.