குளிர்காலம் யார் பங்கு

ஹால்வர்,
வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்த தாளை
இன்னொரு தடவை படித்தேன்.
ஜூன் எனக்கு. ஜூலை உனக்கு.
ஆகஸ்டைப் பாதியாய்ப் பிளந்திருக்கிறார்.
வண்டியை வெயிலில் மட்டுமே பார்த்த மனிதர்.
குளிர்காலம் யார் பங்கு என்று
ஒரு வரி இல்லை.

உன் அடுக்ககத்தில் நிறுத்த இடமில்லை.
ஆகவே ஏழு மாதம்
என் சமையலறை ஜன்னலை மறைத்துக்கொண்டு
அது இங்கேதான் நிற்கும்.

நேற்று நம்சோஸில் முதல் உறைபனி.
வேலையை முடித்துவிட்டேன்.
ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்,
ஏப்ரலில் வந்து கேள்வி கேட்காதே.

தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டேன்.
பம்ப் வெறுங்காற்றைக் குடித்து
இருமுகிறவரை ஓடவிட்டேன்.
பாய்லருக்கு அடியில் அந்த மஞ்சள் வால்வு,
போன வருஷம் நீ மறந்தது,
அதையும் திறந்தேன்.
திறந்ததை டார்ச் அடித்துப் பார்த்தேன்,
விரலால் தொட்டும் பார்த்தேன்.
ஒரு டம்ளர் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது அப்போது.
பனிக்கட்டியாகிப் பருத்து
குழாயைப் பிளந்தது ஜனவரியில்.
நமக்குத் தெரிந்தது வண்டி உருகிய பிறகு.
பதினோராயிரம் குரோனர்.
அதற்காகவா பிரிந்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம்
இல்லை என்றுதான் சொல்கிறேன்.

குழாய்க் கைப்பிடிகளைத் திறந்து
சூட்டுக்கும் குளிருக்கும் நட்டநடுவே நிறுத்தியிருக்கிறேன்.
ஒரு பக்கமாய்த் திருப்பினால்
மறுபக்கத்தில் நீர் தங்கிவிடும்.
ஷவர் தலையைக் கழற்றி உதறியாயிற்று.

காற்று புகட்டும் என்று
மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்தேன்.
உன்னுடையது என்னுடையதைவிடக் கனம்.
ஈரம்.
ஜன்னலோரம் படுப்பவரின் மூச்சு
அப்படித்தான் இறங்கி ஊறுமாம்.
ஹாலில், ஹீட்டர் பக்கத்தில், காய்கிறது.

ஃபிரிட்ஜ் கதவுக்கு இடையில் துண்டைச் சுருட்டி வைத்தேன்.
மூடிவைத்தால் நாறும்.
பாட்டரி என் துணி துவைக்கும் மெஷின் மேல்
குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறது,
மாதம் ஒரு ராத்திரி சார்ஜ்.
நீ மலிவாய் வாங்கிய பியூட்டேன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேன்.
பூஜ்யத்துக்குக் கீழே அது வாயே திறக்காது.
புரோப்பேன் வாங்கு. ரசீது தனியாக.

தார்ப்பாய் போட்டு மூடவில்லை,
மூச்சுமுட்டிப் பூசணம் பிடிக்கும்.
பனி ஒரு முழம் ஏறினால் தள்ளிவிடுகிறேன்,
மெத்தென்ற துடைப்பத்தால்,
சோலார் தகடு கீறாமல்.

பின் அலமாரியில் எலி கூடு கட்டியிருந்தது.
லோஃபோட்டன் வரைபடத்தைக் கிழித்து.
ஊர்ப்பெயர்கள் அரையும் குறையுமாய்.
மழையில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோமே,
அந்த ஊர் மட்டும் முழுசாய் இருந்தது.
வெளியே எறிந்தேன்.
உடனே இல்லை.
பிறகு பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை
ஓட்டைகளில் எல்லாம் திணித்தேன்.

இனி சக்கரம்.
இதைச் சொல்லத்தான் மேலே உள்ள அத்தனையும்.
மாதத்துக்கு ஒருதரம்
அரைச் சுற்றாவது உருட்ட வேண்டும்.
நின்ற இடத்திலேயே நின்றால்
டயரின் அடி தட்டையாகிவிடும்.
ஹேண்ட்பிரேக் போடவில்லை,
போட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.
நான்கு கட்டைகள் வைத்திருக்கிறேன்.
கட்டையை எடுக்க ஒருத்தர்,
உள்ளே பிரேக்கில் கால் வைக்க ஒருத்தர்.
பக்கத்து வீட்டு ஆர்ன்ஃபினுக்கு
இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

முதல் சனிக்கிழமைகள். காலை பதினொன்று.
தாளில் இல்லாததுதான்.
பத்து நிமிஷ வேலை,
வழுக்காத பூட்ஸ் போட்டுக்கொள்.
பால் லாரியில் மட்டும் வராதே,
திருப்ப இடமில்லை.

ரன்வைக்