ஏழாவது ரொட்டி

பீலியில் தண்ணீர் வருவது
காலை ஐந்தரையிலிருந்து ஆறு பத்து வரை.
அதற்குள் இருபது வினைச்சொல்.

வாளியை வைக்கிறேன்: ஒகிமாஸ்.
எழும்புவதற்கும் அதே சொல்தானாம்.
எங்கள் லயத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள்,
எழும்பியதும் வாளியைத்தானே வைக்கிறோம்.
நிறைவதற்கு என்ன சொல் என்று தெரியவில்லை.
அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

கழுவுவது அராய்மாஸ்.
அடிப்பிடித்த சட்டியை
நகத்தால் ஆராய்ந்துகொண்டே சொன்னால்
பரீட்சை வரைக்கும் மறக்காது.

ஞாயிறு தோறும் ஹட்டனில் வகுப்பு.
சிங்களத்தில் விளக்குவார்கள்,
தமிழில் எழுதிக்கொள்வேன்,
பஸ்ஸில் திரும்பும்போது
எது எந்தப் பாஷை என்று
தலைக்குள் ஒரு தள்ளுமுள்ளு.

மூடுபனிக்கு கிரி என்று பெயர்.
கொப்பியில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
சிங்களத்தில் அது பால்.
நமக்கு மலை.
ஜன்னலுக்கு வெளியே
பனிக்குள் மலை காணாமல் போயிருந்தது,
முதுகுக்குப் பின்னால்
பால் பொங்கி அடுப்பை அணைத்தது.
மூன்று பாஷையும் ஒன்றாய்ச் சரியாக இருந்த
அந்த ஒரு நிமிடத்துக்கு
நாத்தனா நிரஞ்சலாவிடம் வாங்கிய ஏச்சு
ஒரே பாஷையில்தான்.

பகலில் தலையணைக்கு
தனாக்கா-சான் என்று பெயர் வைத்திருக்கிறேன்.
எண்பத்தாறு வயது, வலப்பக்கம் வராது.
தொடும் முன் சொல்லவேண்டும்,
திருப்பும் முன் சொல்லவேண்டும்,
போர்வையை இழுக்கும் முன்னும்
மன்னிப்புப் போல ஒரு சொல்.
இந்த வீட்டில்
யாரும் யாரிடமும் சொல்லிவிட்டுத் தொட்டதில்லை.
என் புருஷன் சிவனேசனும்தான்.
கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவர்
போன தடவை வந்தபோது
தலையணையிடம் நான் அனுமதி கேட்பதைப் பார்த்து
கதவருகிலேயே நின்றுவிட்டார்.

நாலரைக்கு நிரஞ்சலா
கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நனைந்து வந்தாள்.
இடுப்புப் படங்கைக் கழற்றிக் கொடுத்தாள்.
பிழிந்துகொண்டே, வாய்ப் பழக்கத்தில்,
“தொக்கோ கா இதாய் தெஸ்கா?” என்றேன்.
அட்டை கடித்த காலில் உப்பு தேய்த்தபடி
நிமிராமலே சொன்னாள்:
“கொஷி.”

இடுப்பு.
என் கொப்பியை அவள் திறந்ததே இல்லை.
எங்கே வலிக்கிறது என்று
தமிழில் நானும் அவளைக் கேட்டதே இல்லை.
படங்கிலிருந்து தண்ணீர்
சொட்டிக்கொண்டே இருந்தது.

இரவில் ரொட்டி.
கல்லில் போடும்போது எண்ணுவேன்.
இச்சி, நி, சன்,
நாலாவதில் எப்போதும் தடுக்கும்.
பக்கத்துக் காம்பராவில்
குளவி கொட்டி லீவில் கிடக்கிற
ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்
சுவருக்கு மேலே உள்ள இடைவெளியால்
“யோன்!” என்று எறிவார்.
கூரை ஒன்றுதானே, பாடமும் ஒன்று.

கோ, ரொக்கு,
ஏழுக்கு அவர்கள் நனா என்கிறார்கள்.
என் நாக்குக்கு அது நீண்டுவிடுகிறது:
நானா?
“நீதான், வேற யாரு” என்பார் அவர்.
லயமே சிரிக்கும்.
என் மகள் பவித்திராவுக்குக்கூட
இந்த இடம் வந்தால் தூக்கம் கலையும்.

வீட்டில் நாங்கள் ஏழு பேர்.
கடைசி ரொட்டி எனக்கு.
நான் போனால்
எண்ணிக்கை ரொக்குவோடு நிற்கும்.

இன்றைக்கு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.
யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

ஆறாவதைத் திருப்பிவிட்டேன்.
கல் காய்கிறது.
கையில் ஓர் உருண்டை மாவு.
மகள் பாயில் எழும்பி உட்கார்ந்திருக்கிறாள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
இருமலை அடக்கிக்கொண்டு
ஒருவர் காத்திருக்கிறார்.