டியூப்லைட்

பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் அது.
ஜோக் எனக்கு விளங்குவதற்குள்
வகுப்பு சிரித்து முடித்திருக்கும்.

அது முனகுவது உனக்குக் கேட்கிறதா என்று
யாரும் கேட்டதில்லை.
கேட்கும்.
ஆறாம் வகுப்பு பி பிரிவில் நான்கு விளக்குகள்.
மூன்றாவதின் சோக்கு மட்டும்
அரைச் சுருதி ஏறி.

செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடி.
உட்காருவதற்கு முன் நான் கூரையைப் பார்த்ததை
செலின் மேடம் பார்த்தார்.
"அணைச்சிடட்டுமா?"
நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக
ஒருவர் என்னை விட்டுவிட்டு
விளக்கைச் சரிசெய்தார்.

ஜன்னல் வெளிச்சம் போதும்.
நாற்காலிகள் இரண்டும் தெருவைப் பார்த்துக் கிடந்தன.
தேவகோட்டை பஸ் போனது. பின்னால் இன்னொன்று.
நான் பஸ்களிடம் பேசினேன்,
அவர் கேட்டுக்கொண்டார்.

மதுரை டாக்டர் கொடுத்த பயிற்சியைச் சொன்னேன்:
தினமும் கண்ணாடி முன் இருபது புன்னகை,
எதிராளியின் புருவ நடுவில் பார்வை,
மூன்று எண்ணி ஒரு தலையாட்டல்.
ஒன்பது வருஷம்.
"எப்படி வந்துச்சு?"
நல்லா வந்துச்சு, என்றேன்.
வீடு திரும்பியதும்
கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
கொஞ்சம் கழித்து,
"கட்டிலுக்கு அடியில என்ன பிடிக்கும்?"

தரை.
ஆத்தங்குடிக் கல். கன்னத்துக்குக் குளிர்ச்சி.
ஒரு கல் முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு.
அதைப் பற்றியே
அரைமணி நேரம் பேசியிருக்கிறேன்.

கானாடுகாத்தானில் மச்சான் வீட்டுக் கல்யாணம்.
மொய் நான் எழுதுகிறேன் என்றேன்.
மொய் எழுதுகிறவன் நிமிர வேண்டியதில்லை:
ஊர், பெயர், தொகை.
காதில் பஞ்சு.
கெட்டிமேளம் பஞ்சையும் தாண்டி வந்தது.
நூற்றுப் பதினாறாவது பெயரோடு பேனாவை மூடி,
காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

"மாப்பிள்ளைக்கு என்னவாம்?" என்றாராம்
சித.பழ. மாமா.
உமையாள் சொன்னாளாம்,
"சத்தம் வலிக்குது அவருக்கு."
முன்பெல்லாம் தலைவலி என்பாள்,
சுகர் என்பாள்,
ராத்திரி தூங்கலை என்பாள்.

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
நோட்டை இழுத்து மீதியை அவரே எழுதினார்.
இரண்டு இடத்தில் கூட்டல் தப்பு.

அடுத்த வியாழன் மாடிப்படியில்
யூனிஃபார்மோடு ஒரு பெண்,
நான்காம் படியில் உட்கார்ந்து
முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.
அவள் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.
நான் சுவரோரம் ஒதுங்கி,
அந்த ஆட்டத்தில் தட்டாமல்
ஏறிப் போனேன்.

மேலே
விளக்கு ஏற்கெனவே அணைந்திருந்தது.