பதினாறு விநாடி

டெமுகோவில் ஜூலை வந்தால்
ஊரே விறகுப் புகைக்குள் உட்கார்ந்திருக்கும்.
ஈரக் குடைகளைச் சுவரோரம் சாத்திவிட்டு
இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள்.
ஆறு வருடமாக நான் போட்டுக்காட்டும் துண்டு அது.
இரவுச் செய்தி. பதினாறு விநாடி.
எந்தக் கேள்விக்கு எந்த வரிசையில் கை உயரும் என்பதுகூட
எனக்கு மனப்பாடம்.

விளக்கை அணைத்தேன்.
"எனக்கு அணைத்தாலும் ஒன்றுதான், புரொஃபசர்,"
என்றான் எலிசேயோ பாரியெந்தோஸ்.
"படத்தைச் சொல்லுங்கள்."

நான் வாய் திறப்பதற்குள்
முன்வரிசை சொல்லிவிட்டது: கும்பல்.
"எத்தனை பேர்?"
மறுபடி ஓட்டினோம். எண்ணினோம்.
ஒன்பது. அதில் ஒன்று இடுப்புக் குழந்தை.
"கையில் என்ன?"
கல் என்றான் ஒருவன்.
தடி என்றாள் ஒருத்தி.
நிறுத்திப் பார்த்தால்
வாளி.
பின்னால் எழுவது தீவைத்த புகை என்று
சொன்னது நான்தான்.
ஹைட்டியிலிருந்து வந்த வில்னேர்
ஸ்பானியச் சொல்லைத் தேடினான், கிடைக்கவில்லை,
எழுந்து வந்து திரையில் விரல் வைத்தான்.
கூரை. கூரைமேல் குழாய்.
யாரோ சமைக்கிறார்கள்.

எலிசேயோ விடவில்லை.
"செய்தி வாசிப்பவன் குரலுக்கு அடியில்
ஒரு பெண் பேசுகிறாள்.
ஒரே வாக்கியம், மூன்று தடவை.
என்ன சொல்கிறாள்?"

திரையின் அடியில் எழுத்து ஓடியது:
ஆவேசக் கூச்சல்.

கோணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.
வெட்டைப் பற்றி, பின்னணி இசையைப் பற்றி,
யார் பணம் போட்டார்கள் என்பதைப் பற்றியெல்லாம்
பரீட்சை வைத்திருக்கிறேன்.
அவள் என்ன சொன்னாள் என்று
ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

என் கண் தானாகப் போய் நின்றது
நோயெலியா பைனெமாலிடம்.
நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.
"என் பெயரைப் பார்க்கிறீர்கள்.
மாபுசே என் பெயரில் இருக்கிறது, வாயில் இல்லை.
எங்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று
அம்மா அந்த மொழியைப் பூட்டி வைத்துவிட்டாள்.
இந்த வகுப்பில் எல்லோரையும் போல
தெரியாமல் இருக்க
எனக்கும் இடம் உண்டுதானே?"

மன்னிப்பு கேட்டேன்.
கேட்டதே அவளுக்கு இன்னொரு வேலையாயிற்று,
பரவாயில்லை என்று சொல்லும் வேலை.
அவள் சொல்லவில்லை.
நல்லதாகப் போயிற்று.
மணி அடிக்கும்வரை
குடைகள் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த வியாழன்
வாசிப்பவன் குரலை ஆடைபோல எடுத்துவிட்டு
அவள் குரலை மட்டும் மேலே கொண்டுவந்திருந்தான் எலிசேயோ.
சனிக்கிழமைகளில் சந்தையில் மூட்டை இறக்கும் வில்னேர்
கொத்தமல்லி விற்கும் பெண்களிடம் அதைப் போட்டுக்காட்டினானாம்.
முதலில் சிரித்தார்களாம்.
பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லையாம்.

"படலைச் சாத்துங்கள்,
ஆடு ரோட்டுக்குப் போய்விடும்."

அவ்வளவுதான்.
துப்பாக்கியோடு உள்ளே வந்தவர்களிடம்
மூன்று தடவை.

யாரும் குறிப்பு எடுக்கவில்லை.
நோயெலியா மட்டும்
அந்த வாக்கியத்தை அதன் மொழியிலேயே
எழுதித் தரச்சொல்லி வில்னேரிடம் கேட்டாள்.
எழுத்துக்கூட்டத் தெரியாமல் அவன் விழித்தான்.
இருவரும் ஒலிப்பானைக் காதில் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு
கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்கள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

திரையின் வலது மூலையில்
படல் திறந்தே கிடந்தது.
ஆறு வருடமாக.

"ஆடுகள் தெரிகின்றனவா?"
என்றான் எலிசேயோ.

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.
முதலிலிருந்து போட்டேன்.